முடி வெட்டும் இடத்தில் என்ன ஆங்கிலம் பேசுவது? வெளிநாட்டில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

தெற்குவாசல் | லெஸ்டர்

செப்டம்பரில் முதுகலைப் படிப்புக்காக லெஸ்டர் வந்தேன். ஒரே வீட்டில் ஐந்து பேர் தங்கியிருக்கிறோம். வகுப்பில் எல்லோரும் தயங்காமல் ஆங்கிலம் பேசுகிறோம். முடி வெட்டிக்கொள்ள மட்டும் யாரும் வெளியே போவதில்லை. ஒருவர் வாங்கி வைத்திருக்கும் மெஷினால் மாற்றி மாற்றி வெட்டிக்கொள்கிறோம். காசு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நாற்காலியில் உட்கார்ந்ததும் என்ன சொல்வது என்று தெரியாததுதான்.

மதுரையில் எங்கள் தெருமுனைக் கடையில் 'மீடியம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், மீதியை அண்ணன் பார்த்துக்கொள்வார். இங்கே துணிந்து போன நண்பனிடம் அடுக்கடுக்காகக் கேட்டிருக்கிறார்கள்: 'வாட் கிரேடு ஆன் த சைட்ஸ்?', 'ஸ்கின் ஃபேடா, டேப்பரா?', 'ஸ்கொயர் ஆர் ரவுண்ட் அட் த பேக்?' பாதிக்கு மேல் புரியாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு நேர்காணல் இருக்கிறது. ஒழுங்காக வெட்டிக்கொண்டு போக வேண்டும். இந்தச் சொற்களுக்கெல்லாம் என்ன அர்த்தம், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று யாராவது விளக்கமாகச் சொல்ல முடியுமா?


நீலவேணி | ஹாரோ, லண்டன்

தம்பி, நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். முதலில் ஆண்கள் கடையில் வேலை செய்தேன். இப்போது இருபாலருக்குமான சலூனில் இருக்கிறேன்.

கிரேடு என்பது மெஷினின் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் சீப்பின் எண். ஒவ்வோர் எண்ணுக்கும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நம்பர் ஒன் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், டூ 6, த்ரீ 10, ஃபோர் 13. எய்ட் என்றால் முழு அங்குலம். தலையில் மிச்சமிருக்கப்போகும் நீளம் இது. வெட்டி எடுக்கும் நீளம் அல்ல. சீப்பே மாட்டாமல் ஓட்டினால் ஜீரோ. பிரிட்டனில் 'கிரேடு டூ' என்பதை அமெரிக்காவில் 'நம்பர் டூ' என்பார்கள்.

ஃபேட் என்றால் பக்கவாட்டு முடி முழுவதும் கீழே மிகக் குட்டையாகத் தொடங்கி மேலே போகப்போக நீளும். ஸ்கின் ஃபேட் என்றால் கீழே தோல் தெரியும்வரை எடுத்துவிடுவார்கள். டேப்பர் அடக்கமானது. கிருதாவின் ஓரத்திலும் பிடரியிலும் மட்டும் சரித்து எடுப்பார்கள். மற்ற இடத்தில் முடி இருக்கும். நேர்காணலுக்குப் போகிறவர் டேப்பர் கேட்டால் தவறு நேராது.

'ஸ்கொயர் ஆர் ரவுண்ட்' என்பது பின்கழுத்து ஓரத்தைப் பற்றியது. கோடு போட்டதுபோல் நேராக வேண்டுமா, மூலைகளை வளைக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். இரண்டும் வேண்டாமென்றால் 'டேப்பர்ட், ப்ளீஸ்' என்று சொல்லுங்கள். கோடு இல்லாமல் மெல்ல மறையும். புதிய முடி வளர்ந்தாலும் இரண்டு மூன்று வாரம் அசிங்கமாகத் தெரியாது. நேர்க்கோடு போட்டது ஒரே வாரத்தில் கலைந்து தெரியும். அடிக்கடி கடைக்குப் போகாத மாணவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

இனி முக்கியமான இடம். 'அன் இன்ச் ஆஃப் த டாப்' என்றால் மேலே ஓர் அங்குலம் வெட்டச் சொல்கிறீர்கள். 'அன் இன்ச் ஆன் டாப்' என்றால் ஓர் அங்குலம் மட்டும் விடச் சொல்கிறீர்கள். ஆஃப், ஆன் என்ற இந்தச் சின்ன வேறுபாட்டில்தான் அதிகம் பேர் தலையைப் பறிகொடுக்கிறார்கள். சந்தேகமே வராமலிருக்க 'லீவ் இட் அபௌட் டூ இன்ச்சஸ் லாங் ஆன் டாப்' என்று சொல்லி, விரலால் முடியைப் பிடித்தும் காட்டுங்கள். விரலைக் காட்டுவதை யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். நாங்களே அப்படித்தான் உறுதி செய்துகொள்வோம்.

முழு வாக்கியமாக வேண்டுமென்றால் இது: 'குட் ஐ ஹாவ் அ த்ரீ ஆன் த பேக் அண்ட் சைட்ஸ், ப்ளெண்டட் இன், அண்ட் ஜஸ்ட் அ ட்ரிம் ஆன் டாப் வித் சிஸர்ஸ், ப்ளீஸ்?' ப்ளெண்டட் இன் என்பதை விட்டுவிடாதீர்கள். அதைச் சொன்னால்தான் மெஷின் ஓடிய இடமும் கத்தரிக்கோல் வெட்டிய இடமும் படிக்கட்டு தெரியாமல் கலக்கும். எண்ணில் உறுதியில்லை என்றால், 'கேன் வி ஸ்டார்ட் வித் அ ஃபோர் அண்ட் கோ ஷார்ட்டர் இஃப் நீடட்?' என்று கேளுங்கள்.

நம்மில் பலருக்கு முடி தடித்தது, நேராக நிற்பது. காதுக்கு மேலே அரை அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்துக்கும் இடைப்பட்ட நீளத்தில் விட்டால் படியாமல் விறைத்து நிற்கும். மெல்லிய முடியையே வெட்டிப் பழகியவருக்கு இது தெரியாமல் போகலாம். 'இட் ஸ்டிக்ஸ் அவுட் அட் த சைட்ஸ்' என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இரட்டைச் சுழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்: 'ஐ ஹாவ் அ டபுள் க்ரௌன்.' அந்த இடத்தில் குட்டையாக வெட்டினால் முடி எழுந்து நின்றுவிடும் என்பது வெட்டுகிறவருக்கு உடனே புரியும்.


வடசேரி | மெல்பர்ன்

இவ்வளவு மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி 'லைக் திஸ், ப்ளீஸ்' என்று சொன்னால் முடிந்தது. நான் பல ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறேன். இங்கே வெட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தாய்மொழியில்லை. வியட்நாமியர், லெபனானியர், துருக்கியர் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்களிடம் நீண்ட வாக்கியம் பேசினால் இருவருக்கும் சிரமம்தான். படம் எல்லா மொழியிலும் பேசும்.


கயல் | ரீடிங்

வடசேரி அண்ணா சொல்வதை ஆண்களின் குட்டை முடிக்கு ஒப்புக்கொள்கிறேன். என்னைப் போன்ற சுருட்டை முடிக்காரர்களுக்குப் படம் மட்டும் காட்டுவது ஆபத்து. படத்தில் இருக்கும் பெண்ணின் முடி வேறு, என் முடி வேறு. அவளுடைய முடியை ஊதி நேராக்கிப் படம் எடுத்திருப்பார்கள். அதே அளவை என் ஈர முடியில் வெட்டினால், காய்ந்து சுருண்ட பிறகு தோளில் இருக்க வேண்டியது காதருகே ஏறிவிடும். ஒவ்வொருவர் சுருளும் ஒவ்வோர் அளவு ஏறும். எவ்வளவு என்று படம் சொல்லாது.

நான் சொல்லும் வாக்கியங்கள் இவை. 'மை ஹேர் ஷ்ரிங்க்ஸ் அ லாட் வென் இட் ட்ரைஸ்.' 'குட் யூ கட் இட் ட்ரை?' உலர்ந்த நிலையில், சுருள் விழும் போக்கைப் பார்த்தே வெட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். முன்பதிவு செய்யும்போதே 'டஸ் எனிஒன் தேர் ஸ்பெஷலைஸ் இன் கர்லி ஹேர்?' என்று தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. சுருட்டை முடியையும் ஆப்பிரிக்க முடியையும் கையாளத் தெரிவது பிரிட்டனின் முடிதிருத்துநர் தொழில்தரங்களில் எல்லோருக்கும் உரிய திறமையாகச் சேர்ந்தது 2021இல்தான். அதற்கு முன்பு பயின்ற பலர் நேரான முடியிலேயே பழகியவர்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டு போவதே வழி.

இன்னொன்று. அடர்த்தியைக் குறைக்கிறேன் என்று பற்கள் வைத்த கத்தரிக்கோலை எடுப்பார்கள். சுருட்டை முடியில் அதை ஓட்டினால் உள்ளே குட்டை குட்டையாக முளைத்துச் சிலும்பும். 'நோ தின்னிங் சிஸர்ஸ், ப்ளீஸ்' என்பது நான் மறக்காமல் சொல்லும் வரி.


நீலவேணி | ஹாரோ, லண்டன்

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. படம் கொண்டு வாருங்கள். ஆனால் நடிகரின் படத்தைவிட உங்கள் தலையின் படமே எங்களுக்கு அதிகம் பயன்படும். நன்றாக அமைந்த ஒரு வெட்டுக்குப் பிறகு முன், பக்கம், பின் என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'திஸ் இஸ் மீ, ஆஃப்டர் அ கட் ஐ லைக்ட்' என்று காட்டினால் வேறு பேச்சே வேண்டாம். வேறொருவர் படமாக இருந்தால் அதில் எது பிடித்திருக்கிறது என்று சொல்லுங்கள். 'ஐ லைக் த ஃப்ரிஞ்ஜ், பட் நாட் த லெங்த்.' இல்லாவிட்டால் நீங்கள் நெற்றி முடிக்காகக் காட்டியதை நாங்கள் முழுத் தலைக்குமாக எடுத்துக்கொள்வோம்.

கயல் சொன்ன தின்னிங் பற்றி ஒரு சேர்க்கை. 'ப்ளீஸ் தின் இட் அவுட்' என்றால் அடர்த்தியைக் குறையுங்கள் என்று பொருள். 'ஐ ஆம் தின்னிங் அட் த க்ரௌன்' என்றால் உச்சியில் எனக்கு முடி கொட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முதலாமவருக்குக் குறைப்போம், இரண்டாமவருக்கு ஒரு முடியைக்கூட வீணாக்காமல் மறைக்கப் பார்ப்போம். நேரெதிரான வேலை. குழப்பத்தைத் தவிர்க்க 'குட் யூ டேக் ஸம் ஆஃப் த வெயிட் அவுட்?' என்று கேட்கலாம்.


பருத்தித்துறையான் | ஸ்காபரோ, ரொறொன்ரோ

நான் சற்று மாற்றுக் கருத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன் இவ்வளவு சிரமம்? ஸ்காபரோவில் எங்களுடைய ஆட்கள் நடத்தும் சலூன்கள் நிறைய இருக்கின்றன. லண்டனிலும் ஈஸ்ட்ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் போனால் தமிழில் பேசித் தலைமயிர் வெட்டிக்கொண்டு வரலாம். இருக்கச் சொல்லி, ஊர்ப்புதினம் கதைத்து, எங்களுடைய தலைமயிரின் குணம் தெரிந்து வெட்டுவார்கள். எங்களுடைய காசும் எங்களுடைய சனத்திடம் போய்ச் சேரும். அதில் எனக்கு மகிழ்ச்சி.

ஆனால் பிள்ளைகள் அங்கே வர மாட்டோம் என்கிறார்கள். அவர்களுக்கு ஃபேட், லைன் அப் என்று வேறு கணக்கு. லைன் அப் என்பது நெற்றியோரத்தையும் கிருதாவையும் கோடு கிழித்ததுபோல் கூர்மையாக்குவது. அதற்காகக் கறுப்பின இளைஞர்களின் பார்பர் கடைக்குப் போகிறார்கள். அந்த வேலையில் அவர்களை மிஞ்ச ஆளில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வட அமெரிக்கா வருகிறவர்களுக்காக: நெற்றியில் விழும் முடிக்கு லண்டனில் ஃப்ரிஞ்ஜ், இங்கே பேங்ஸ். வகிடு அங்கே பார்ட்டிங், இங்கே பார்ட். விலைப்பட்டியலில் இருப்பது முழுத் தொகையும் அல்ல. ஒன்ராறியோவில் அதன்மேல் 13 விழுக்காடு வரி, அதன்பின் 15 முதல் 20 விழுக்காடு வரை டிப்ஸ். அட்டை இயந்திரமே எத்தனை விழுக்காடு என்று கேட்கும்.


தெற்குவாசல் | லெஸ்டர்

எல்லோருக்கும் நன்றி. பருத்தித்துறை அண்ணா, லெஸ்டரிலும் குஜராத்திகள், பஞ்சாபிகள் நடத்தும் கடைகள் உண்டு. அங்கேயும் பேச்சு ஆங்கிலத்தில்தான்.

இன்னும் இரண்டு சந்தேகம். வெட்டிக்கொண்டிருக்கும்போது பிடிக்கவில்லை என்றால் இடையில் நிறுத்தச் சொல்லலாமா? மரியாதைக் குறைவாக இருக்காதா? இரண்டாவது, 'நாட் வொர்க்கிங் டுடே?', 'கோயிங் எனிவேர் நைஸ்?' என்றெல்லாம் கேட்கிறார்களாமே, அதற்கு என்ன சொல்வது? முன்பின் தெரியாதவர் நான் வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டால் ஒரு மாதிரியாக இருக்கிறது.


கல்மண்டபம் | க்ராய்டன்

தம்பி, முதல் கேள்விக்கு என் பதில்: கட்டாயம் நிறுத்தச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் பெரியவர் ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள். அது நல்ல பழக்கம்தான், ஆனால் இந்த நாற்காலியில் அது உதவாது. முடி போனால் திரும்ப வர மாதத்துக்கு அரை அங்குலம்தான். பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்து வருந்துகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் கனத்திருக்கிறது.

வாக்கியம் எளிது: 'ஸாரி, குட் ஐ ஜஸ்ட் ஸ்டாப் யூ தேர்?' இங்கே ஸாரி என்பது மன்னிப்பல்ல, கதவைத் தட்டுவது. பிறகு 'குட் யூ லீவ் த டாப் அஸ் இட் இஸ்?' அல்லது 'தட்ஸ் ஷார்ட் எனஃப் ஃபார் மீ, தேங்க்ஸ்.' கடைசியில் கண்ணாடியைப் பின்னால் பிடித்து 'ஹௌஸ் தட்?' என்று கேட்பார்கள். அது சடங்கல்ல, உண்மையான கேள்வி. தலையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு கிருதா நீளமாக இருந்தால் 'த லெஃப்ட் சைட் லுக்ஸ் அ பிட் லாங்கர். குட் யூ ஈவன் இட் அப்?' என்று சொல்லுங்கள். அவரும் அதைச் சரிசெய்து அனுப்பவே விரும்புவார்.

வீட்டுக்கு வந்த பிறகு குறை தெரிந்தால் ஓரிரு நாளில் தொலைபேசியில் அழையுங்கள். 'யூ ஸ்பாய்ல்ட் மை ஹேர்' என்று தொடங்காதீர்கள். 'ஐ ஆம் நாட் குவைட் ஹாப்பி வித் த கட். குட் ஐ கம் பேக் அண்ட் ஹாவ் இட் லுக்ட் அட்?' என்று கேளுங்கள். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் எந்தச் சேவையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்கிறது. அப்படிச் செய்யப்படவில்லை என்றால் திரும்பச் செய்து தரக் கேட்கலாம். அது முடியாவிட்டால் விலையில் குறைக்கக் கேட்கலாம். இது சலுகையல்ல, உரிமை. பெரும்பாலான கடைகளில் சட்டம் பேச வேண்டிய அவசியமே வராது. ஆனால் உரிமை இருக்கிறது என்று தெரிந்தால் குரல் நடுங்காது.


நீலவேணி | ஹாரோ, லண்டன்

கல்மண்டபம் ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நடுவில் நிறுத்துகிறவரை நாங்கள் மதிக்கிறோம். 'ஃபைன், ஃபைன்' என்று சொல்லிவிட்டு மறுபடி வராமலே போய்விடுகிறவரால்தான் எங்களுக்கு வருத்தம்.

பேச்சைப் பற்றி. 'நாட் வொர்க்கிங் டுடே?' என்பது விசாரணை அல்ல தம்பி. நம் ஊரில் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்பதுபோல்தான். 'டே ஆஃப் டுடே' அல்லது 'ஐ ஆம் அ ஸ்டூடன்ட், நோ க்ளாசஸ் திஸ் ஆஃப்டர்நூன்' என்று ஒரு வரி போதும். விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள் என்பது இந்த நாட்டு முடிதிருத்தும் நாற்காலிகளின் நிரந்தரக் கேள்வி. 'நத்திங் ப்ளான்ட் யெட். ஹௌ அபௌட் யூ?' என்று திருப்பிக் கேட்டுவிட்டால் அவர்கள் பேசிக்கொண்டே வெட்டுவார்கள். பேச விருப்பமில்லையா? 'ஐ ஆம் அ பிட் டயர்ட், ஐ மைட் ஜஸ்ட் க்ளோஸ் மை ஐஸ்' என்று சொல்லலாம். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

துருக்கியர் கடைக்குப் போனால் ஒரு முன்னறிவிப்பு. வெட்டி முடித்ததும் காதோரத்து மெல்லிய முடியை எரியும் பஞ்சால் தட்டி எடுப்பார்கள். பழகியவர் கையில் ஆபத்தில்லை. ஆனால் தெரியாதவர் பதறித் தலையை ஆட்டிவிட்டால்தான் வம்பு. வேண்டாமென்றால் முன்கூட்டியே 'நோ ஃப்ளேம், ப்ளீஸ்'.

டிப்ஸ் இங்கே கட்டாயமில்லை. பிடித்திருந்தால் பத்து விழுக்காடு அளவில் கொடுப்பார்கள். மாணவர்கள் கொடுக்காவிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. காசுதான் சிக்கல் என்றால் உங்கள் ஊர்க் கல்லூரிகளில் முடிதிருத்தக் கலை கற்பிக்கும் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சி பெறுகிறவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்துக்கு வெட்டுவார்கள். நேரம் அதிகம் பிடிக்கும். ஆனால் ஒவ்வோர் அடியையும் கேட்டுக் கேட்டுச் செய்வதால் ஆங்கிலம் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.


வடசேரி | மெல்பர்ன்

காதோர நெருப்பைப் பற்றி நீலவேணி சொன்னது சரி, அதைப் படத்தால் சொல்ல முடியாது. அந்த மட்டில் என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவில் டிப்ஸ் வழக்கமில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.


வெள்ளித்திரை வேண்டாம் | கார்டிஃப்

பெண்கள் பக்கத்தையும் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள் அக்கா. நான் சென்னையில் ஸ்டெப் கட் வெட்டிக்கொண்டிருந்தவள். இங்கே ஸ்டெப் கட் என்றால் விழிக்கிறார்கள். விலைப்பட்டியலில் கட் அண்ட் ஃபினிஷ், ரீஸ்டைல், ட்ரை ட்ரிம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. எது எனக்கு என்று தெரியவில்லை.


நீலவேணி | ஹாரோ, லண்டன்

ஸ்டெப் கட் என்று நாம் சொல்வது இங்கே லேயர்ஸ். 'லாங் லேயர்ஸ்' என்றால் நீளம் குறையாமல் அடியில் மட்டும் அடுக்கு. 'ஷார்ட் லேயர்ஸ்' என்றால் உச்சிக்கு அருகிலிருந்தே அடுக்கு. 'ஃபேஸ் ஃப்ரேமிங்' என்றால் முகத்தின் இரு பக்கம் மட்டும். யூ கட், வி கட் என்றால் புரியும், ஆனால் 'அ சாஃப்ட் யூ ஷேப் அட் த பேக்' என்று சொன்னால் இன்னும் தெளிவு. பாய் கட் இங்கே பிக்ஸி. அடுக்கே வேண்டாம், அடி முழுவதும் ஒரே நீளம் என்றால் 'ஒன் லெங்த்'.

நீண்ட முடி வளர்க்கிறவர்கள் 'ட்ரிம்' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காராதீர்கள். நமக்கு ட்ரிம் என்றால் அரை அங்குலம். நுனி பிளந்திருப்பதைப் பார்க்கும் எங்களுக்கு அது மூன்று அங்குலம். 'ஹாஃப் அன் இன்ச், நோ மோர். ஐ ஆம் க்ரோயிங் இட்.' இந்த 'நோ மோர்' உங்கள் கூந்தலைக் காப்பாற்றும். மிக மிகக் குறைவாக, நுனியை மட்டும் என்றால் 'ஜஸ்ட் அ டஸ்ட்டிங்'. முதல் வெட்டு விழுவதற்கு முன் 'குட் யூ ஷோ மீ ஹௌ மச்?' என்று கேளுங்கள். சீப்பில் முடியைப் பிடித்துக் கண்ணாடியில் காட்டுவார்கள்.

விலை. கட் அண்ட் ஃபினிஷ் என்றால் வெட்டி, ஊதி உலர்த்தி, படிய வைத்து அனுப்புவது. ட்ரை ட்ரிம் என்றால் கழுவாமல் நுனி மட்டும். ரீஸ்டைல் என்றால் தோற்றத்தையே மாற்றுவது, நேரமும் விலையும் அதிகம். அடர்த்தியான நீண்ட முடிக்குக் கூடுதல் கட்டணம் வாங்கும் கடைகளும் உண்டு. உட்காரும் முன்பே 'ஹௌ மச் வில் இட் கம் டு, இன்க்ளூடிங் த ப்ளோ ட்ரை?' என்று கேட்டுவிடுங்கள். ப்ளோ ட்ரை வேண்டாமென்றால் 'ஐ வில் லெட் இட் ட்ரை நேச்சுரலி' என்று சொன்னால் சில இடங்களில் குறையும்.

எண்ணெய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடு வராதீர்கள். முடி கற்றையாக ஒட்டி அதன் உண்மையான போக்குத் தெரியாது. முதல் நாளே தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள். வாரம் ஒருமுறை எண்ணெய் வைக்கும் பழக்கத்தை மட்டும் சொல்லுங்கள்: 'ஐ ஆயில் மை ஹேர் எவ்ரி வீக்.' அதற்கேற்ற ஷாம்பூ போடுவோம்.


கயல் | ரீடிங்

சாயம் பற்றி அக்கா சொல்லவில்லையே. நரையை மறைக்க நம் பெண்கள் மருதாணி போடுகிறார்கள். இங்கே 'ஹாவ் யூ யூஸ்ட் எனி பாக்ஸ் டை ஆர் ஹென்னா?' என்று கேட்டால் ஹென்னா இயற்கைப் பொருள்தானே, சொல்லத் தேவையில்லை என்று நினைத்து இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.


நீலவேணி | ஹாரோ, லண்டன்

சரியான இடத்தைத் தொட்டீர்கள் கயல். இந்த இழையில் நான் எழுதியதில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மருதாணியோ அவுரிப் பொடியோ எப்போதோ போட்டிருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். 'ஐ ஹாவ் யூஸ்ட் ஹென்னா அண்ட் இண்டிகோ. த லாஸ்ட் டைம் வாஸ் இன் மார்ச்.' நீண்ட முடியில் இரண்டு மூன்று ஆண்டுக்கு முந்தைய மருதாணிகூட நுனியில் இருக்கும். அவுரி ஏறிய முடியை வெளுத்தால் பச்சை அடிக்கும். கடையில் வாங்கும் சில கலப்பு மருதாணிப் பொடிகளில் உலோக உப்புகள் இருக்கும். அவை சாயத்திலுள்ள பெராக்சைடோடு சேர்ந்தால் சூடேறி முடியே நைந்துபோகலாம். உண்மையைச் சொன்னால் ஒரு கற்றையில் மட்டும் முதலில் சோதித்துப் பார்ப்போம். அதற்கு 'ஸ்ட்ராண்ட் டெஸ்ட்' என்று பெயர்.

பேட்ச் டெஸ்ட் வேறு. சாயம் போடுவதற்கு 48 மணி நேரம் முன்பு காதின் பின்புறமோ முழங்கை மடிப்பிலோ துளி தடவி ஒவ்வாமை வருகிறதா என்று பார்ப்பது. கருஞ்சாயங்களில் பெரும்பாலும் இருக்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் சிலருக்கு முகம் வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும். ஊரில் திருமணத்திலோ திருவிழாவிலோ உடனே கறுப்பாகப் பிடிக்கும் 'கறுப்பு மருதாணி' கையில் போட்டுப் புண்ணாகியிருந்தால், அதுவும் இதே பொருளால் வந்ததாக இருக்கலாம். 'ஐ ஹாட் அ ரியாக்ஷன் டு ப்ளாக் ஹென்னா' என்று கட்டாயம் சொல்லுங்கள். அன்றே வந்து அன்றே சாயம் வேண்டும் என்று எங்களை வற்புறுத்தாதீர்கள். சோதனை இல்லாமல் உடனே போடுகிறேன் என்கிற கடையில் உட்காரவும் வேண்டாம்.

நரைக்கு மட்டும் என்றால் 'ஜஸ்ட் டு கவர் த கிரேஸ்'. வேரில் மட்டும் என்றால் 'ரூட் டச் அப்'. கன்னங்கரேல் என்று வேண்டாம், இயல்பாக இருக்கட்டும் என்றால் 'டார்க் ப்ரௌன் ராதர் தன் ப்ளாக்'. செம்பட்டை அடிக்கக் கூடாது என்றால் 'நோ ரெட் டோன்ஸ்'.


மரைக்காயர் தெரு | பர்மிங்காம்

நான் ஹிஜாப் அணிகிறேன். இதுவரை வீட்டிலேயே தங்கையிடம் வெட்டிக்கொள்கிறேன். சலூனில் ஆண்கள் பார்வை படாமல் வெட்டிக்கொள்ள எப்படிக் கேட்பது?


நீலவேணி | ஹாரோ, லண்டன்

தாராளமாகக் கேட்கலாம் சகோதரி, பர்மிங்காமில் இது வழக்கமான கேள்விதான். நேரில் போகாமல் தொலைபேசியில் கேளுங்கள்: 'ஐ வேர் அ ஹிஜாப். டு யூ ஹாவ் அ ப்ரைவேட் ரூம் அண்ட் அ ஃபீமேல் ஸ்டைலிஸ்ட்?' தனியறை உண்டு என்றாலும் இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: 'இஸ் த பேசின் இன் த ப்ரைவேட் ரூம் அஸ் வெல்?' பல கடைகளில் வெட்டும் அறை தனியாக இருக்கும், தலை கழுவும் தொட்டி பொதுவிடத்தில் இருக்கும்.


ஆலமரம் | மில்டன் கீன்ஸ்

என் மகளுக்கு நான்கு வயது. கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது பழனியில் மொட்டை அடித்தோம். இப்போது முடி ஏற்ற இறக்கமாக வளர்ந்திருக்கிறது. சலூனுக்கு அழைத்துப் போனால் குழந்தைக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்துப் பரிதாபமாகப் பார்ப்பார்களோ என்று என் மனைவி தயங்குகிறார். அவளுக்கு மெஷின் சத்தமும் பயம். பள்ளியில் பேன் தொற்று என்று கடிதம் வேறு வந்திருக்கிறது.


நீலவேணி | ஹாரோ, லண்டன்

மொட்டையைப் பற்றி நீங்களே முதலில் சொல்லிவிட்டால் யாரும் எதையும் ஊகிக்க மாட்டார்கள் அண்ணா. 'வி ஷேவ்ட் ஹர் ஹெட் ஃபார் அ டெம்பிள் செரிமனி திஸ் சம்மர், ஸோ இட்ஸ் க்ரோயிங் அவுட்.' இவ்வளவுதான். எங்கள் கடையில் இப்படிச் சொல்லும் குடும்பங்களிடம் ஆங்கிலேயப் பெண்களே ஆர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். பிறகு 'ப்ளீஸ் கீப் த லெங்த், ஜஸ்ட் டைடி அரௌண்ட் த இயர்ஸ் அண்ட் நெக்' என்று சொல்லுங்கள். மொத்தமாகச் சமப்படுத்தச் சொன்னால் மறுபடி குட்டையாகிவிடும்.

மெஷின் பயத்துக்கு 'ஷி இஸ் ஸ்கேர்ட் ஆஃப் த க்ளிப்பர்ஸ். சிஸர்ஸ் ஒன்லி, ப்ளீஸ்.' காலையில் கடை திறந்ததும் கூட்டமில்லாத நேரமாகக் கேட்டு வாங்குங்கள்.

பேன் விஷயத்தில் மட்டும் வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போங்கள். உயிருள்ள பேன் கண்ணில் பட்டால் பெரும்பாலான கடைகளில் பாதியில் நிறுத்திவிடுவார்கள், குழந்தை முகம் வாடிவிடும். ஈர முடியில் கண்டிஷனர் தடவிப் பேன் சீப்பால் வாருங்கள். பேன் இருந்தால் 1, 5, 9, 13ஆம் நாட்களில் அப்படி வாரி, 17ஆம் நாள் ஒருமுறை சரிபார்க்கச் சொல்கிறது இந்நாட்டுத் தேசிய சுகாதாரச் சேவை. அதுவரை பள்ளிக்கு அனுப்பாமல் இருக்கத் தேவையில்லை. சலூனுக்கு மட்டும் 17ஆம் நாளுக்குப் பிறகு நேரம் வாங்குங்கள்.